முள்ளம்பன்றியின் மூச்சு

திரையில் ஒரு கைக்குழந்தை வீல் வீலென்று அழுதால் பார்க்கிறவர்களுக்கு அது குழந்தை. டப்பிங் அரங்கில் இருப்பவர்களுக்கு அது கீச்சு. நிஜக் குழந்தையைக் கொண்டுவந்து மைக் முன்னால் வைத்தால் அழ வேண்டிய இடத்தில் சிரிக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் தூங்கிவிடும். கீச்சுவிடம் அந்தத் தொல்லை கிடையாது. "பசிக்கு அழறதா, பல்லு முளைக்கிறதுக்கு அழறதா?" என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி அழுது கொடுத்துவிட்டு, வெளியே வந்து டீ குடிப்பாள். அணில், கிளி, பூனை, பேய், மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவரும் பிள்ளைகள், ஆஸ்பத்திரி வராந்தாச் சளசளப்பு எல்லாம் அவள் தொண்டையில் குடியிருந்தன. நாற்பதைத் தாண்டிய பெண்மணி, கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று வயசு. அதனால்தான் கீச்சு.

இத்தனைக்கும் அவள் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை. படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது, ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், "மற்றும் பலர்" என்று ஒரு வரி வரும் பாருங்கள், அந்தப் பலரில் இவளும் ஒருத்தி. ஆரம்பத்தில் வருத்தப்பட்டாள். அப்புறம் வருத்தமும் பழகிப்போனது. மகளுக்குத்தான் பழகவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். "எங்கம்மா சினிமாவுல பேசறாங்க" என்று வகுப்பில் சொல்லப்போய், "எந்தப் படம், யாருக்கு?" என்று பிடித்துக்கொண்டார்களாம். குழந்தை அழுகை என்று சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "பேரே இல்லாத வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு தொண்டை வலி?" என்று கேட்டாள். கீச்சுவுக்குச் சுருக்கென்றது.

பேசுகிற அறைக்கு நடுவில் இருக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவர்தான் அவள் புருஷன். அவருக்கும் அரங்கில் பட்டப்பெயர் உண்டு: ஒன்மோர். யார் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சரி, பொத்தானை அழுத்தி, பேசினவர் ஹெட்போனில் விழும்படி "ஒன் மோர்" என்பார். அந்த வார்த்தை வராமல் யாரும் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. கீச்சு புதுசாக வந்த காலத்தில் ஒரு பூனைக்குப் பேச வேண்டியிருந்தது. மியாவ் என்றாள். ஒன் மோர். மியாவ் என்றாள். ஒன் மோர். மதியம் வரைக்கும் மியாவினாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "பூனைக்கே தொண்டை கட்டிடும் சார், அப்படி என்னதான் தப்பு?" என்று கத்திவிட்டாள். ஹெட்போனில் பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "தப்பு ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்திச்சு" என்று வந்தது. கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். பேசுவதற்கு முன்னால் எல்லோரும் மூச்சு இழுப்போம் இல்லையா, பதிவு செய்கிறவர்கள் அதைக் குப்பை என்று வெட்டி எறிந்துவிடுவார்கள். கீச்சு மூக்கால் சின்னதாக ஒரு இழுப்பு இழுப்பாள், ஐஸ்கட்டியைத் தொடப்போகிற பிள்ளை இழுக்கிற மாதிரி. ஒன்மோர் அதை வெட்டமாட்டார். "எல்லாரோட மூச்சையும் வெட்டறேன். உன்னோடதை வெட்ட மட்டும் கை வரமாட்டேங்குது" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். வேறு பெண்களுக்கு வேறு என்னென்னவோ சொல்வார்கள். இவளுக்கு இது போதுமாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அந்தக் கார்ட்டூன் படம் வந்தது. மலையடிவாரக் காட்டை வழித்துத் துடைத்துவிட்டு வரிசை வரிசையாக வீடு கட்டிவிடுகிறார்கள். ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் தூங்கி எழுந்து வெளியே வந்து பார்த்தால் புதர் இருந்த இடத்தில் புல்தரை, வாசலில் கார், மூலைக்கு மூலை குப்பைத்தொட்டி. அந்தக் குடும்பத்து அம்மாதான் கதாநாயகி. குட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கூட்டத்துக்குள் அவள் படும் பாடுதான் கதை.

அந்த அம்மா வேஷம் கீச்சுவுக்குக் கிடைத்தது. டப்பிங் டைரக்டர், இருட்டு அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர், கூலிங்கிளாஸ் என்று பெயர், அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, இது உங்களுக்குன்னே செஞ்ச முள்ளம்பன்றி. உங்க பேரு தனியா வரும், திரைக்கு நடுவுல."

வசனத்தை எழுதினவர் யாரோ, மகா கனவான். முள்ளம்பன்றி புல்தரையைப் பார்த்து "ஆகா, எவ்வளவு அழகிய பசுமை" என்கிறதாம்! கீச்சு காகிதத்தை ஓரமாக வைத்தாள். திரையில் வாய் அசைகிற அளவுக்குள் தன் வாயிலிருந்து வந்ததைப் போட்டாள். "இவன் வீட்டு ஆடு ரொம்ப ஒழுக்கமான ஆடுடா, ஒரே உசரத்துக்கு மேய்ஞ்சு வெச்சிருக்கு பாரு!" குப்பைத்தொட்டிக்கு: "தினம் சமைச்சு, மூடி போட்டு, தெருவுல வெச்சிட்டுப் போறாங்களே, இவ்வளவு நல்ல மனசு யாருக்கு வரும்!" சோபாவில் படுத்திருக்கும் பூனைக்கு: "புலிதான். வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கு." கூலிங்கிளாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்மோர் கண்ணாடிக்குப் பின்னால் தோள் குலுங்கியபடி "ஒன் மோர்" என்றார்.

சிரிப்பு மட்டும் இல்லை. படத்தில் ஒரு நரி வருகிறது. வீடுகளின் சந்துபொந்தெல்லாம் அதற்கு அத்துப்படி. வழிகாட்டுகிறேன் என்று முள்ளம்பன்றிகளை அழைத்துப்போய், ஒரு துண்டு ரொட்டிக்காகக் கூண்டில் மாட்டிவிடுகிறது. குட்டிகள் உள்ளே, அம்மா வெளியே. அந்த இடத்தில் கீச்சு எழுதினதைப் பேசவில்லை. நரியைப் பார்த்து, "கூடவே வந்தியேடா, கூண்டு இருக்குன்னு தெரிஞ்சே என்னை முன்னால நடக்க விட்டியே!" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கைக்குழந்தை அழுகை இல்லை, வயசான அழுகை. முடிந்ததும் ஹெட்போனில் "ஒன் மோர்" வரக் கொஞ்சம் தாமதமானது. வந்தது என்னவோ வந்தது.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னாள்: "படம் முடிஞ்சதும் எந்திரிச்சு ஓடாத. பேரு வரும். பார்த்துட்டு வகுப்புல போய்ச் சொல்லு." மகள் அன்றைக்குத் தானாகவே தண்ணீர் சுடவைத்துத் தேன் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கப்புறம் சில வாரம் ஒன்மோர் ஒரு மாதிரியாக இருந்தார். படத்தின் ஒலிக்கலவை, அதாவது பேச்சையும் சத்தத்தையும் ஒன்றாகக் கோக்கிற வேலை, வேறு அரங்கில் நடக்கிறது, தனக்கு அதில் வேலையில்லை என்றார். ஆனாலும் தாமதமாக வந்தார். சாப்பிடும்போது தட்டை விட்டு நிமிரவில்லை. கீச்சு குளித்துக்கொண்டே முள்ளம்பன்றியாகப் பேசினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். படம் நிறைய மிருகங்கள், கீழே ஒரு வரி: "நீங்கள் நேசிக்கும் ஒரு நட்சத்திரத்தின் குரல்! யாரென்று திரையில் கேளுங்கள்!" பஸ் நிறுத்தத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து கீச்சு கேட்டாள்.

"நட்சத்திரக் குரலாமே, யாருக்குங்க? நரிக்குத்தானே?"

"ம்" என்றார்.

"நல்லதுதான். நட்சத்திரம் பேசினா கூட்டம் வரும். கூட்டம் வந்தா என் பேரையும் நாலு பேர் பார்ப்பாங்க."

"ம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் அதற்குக் கொஞ்சமாவது கஷ்டப்படுவான். இந்த மனிதர் ஒரே எழுத்தில் மறைத்தார்.

படம் வெளியான வாரம், விடுமுறை நாள் மதியக் காட்சிக்குக் கீச்சு குடும்பத்தையே கிளப்பினாள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வால்கள், மகள், புருஷன். "அவசரம் என்ன, கூட்டம் குறையட்டுமே. படமும் அவ்வளவு நல்லா வரலையாம்" என்று ஒன்மோர் இழுத்துப் பார்த்தார். "நீங்க நம்ம கல்யாணத்தன்னைக்கே மழை வரும்னு சொன்ன ஆளு" என்று சொல்லி அவரைச் சட்டை மாற்றவைத்தாள். அவர் நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கீச்சு, அந்தப் பக்கம் மகள், அதற்கப்பால் அண்ணி வகையறா.

விளக்கு அணைந்தது. வளையிலிருந்து முள்ளம்பன்றி மூக்கை நீட்டியது. அரங்கு முழுக்க ஒரு சின்ன மூச்சு கேட்டது, மூக்கால் இழுத்த மூச்சு. கீச்சுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் மூச்சு! ஆயிரம் பேர் மத்தியில் கேட்டாலும் தெரியுமே! மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

அந்த மூச்சிலிருந்து வேறொருத்தி பேசினாள்.

"இவன் வீட்டு ஆடு ரொம்ப ஒழுக்கமான ஆடுடா..." அரங்கம் கொல்லென்று சிரித்தது. இரண்டு வரிசை முன்னால் யாரோ, "டேய், இது அந்த சோப்பு விளம்பர நடிகைடா!" என்று கூவினான். கைதட்டல், விசில். வார்த்தை கீச்சுவுடையது, இழுத்த இழுப்பு கீச்சுவுடையது, "டா"வுக்கு முன்னால் நிறுத்தின நிறுத்தம்கூட அவளுடையதுதான். இவள் பேசினதை அந்த நடிகையின் காதில் மாட்டிவிட்டு அப்படியே பேசவைத்திருக்கிறார்கள். தொண்டை மட்டும்தான் நடிகையுடையது.

அண்ணி மகளைத் தாண்டி எட்டிக் காதோரம் சொன்னாள்: "அடியே, உன் குரல் படத்துல எவ்வளவு அழகா இருக்கு! நேர்லதான் கீச்சுகீச்சுன்னு இருக்கு!"

கீச்சு "ஆமா அண்ணி" என்றாள். வேறென்ன சொல்வது? மனுஷி அன்பாகத்தான் சொன்னாள்.

பக்கத்தில் ஒன்மோர் திரையைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீச்சு அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மறுபடியும் மூச்சு, மறுபடியும் நடிகை. ஒருத்தி மூச்சையும் இன்னொருத்தி பேச்சையும் இழை தெரியாமல் ஒட்டவைத்திருந்தது. இந்த மூச்சைக் குப்பை என்று எறியாமல் வைத்துக்கொள்ளுகிற கை இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வேறு அரங்காம், தனக்கு வேலையில்லையாம்! அந்த நரிக்காவது ரொட்டி கிடைத்தது, இவருக்கு என்ன கிடைத்தது என்று நினைத்தாள். எழுந்து போயிருப்பாள், ஆனால் மகளின் கை அவள் கையில் இருந்தது.

கூண்டு வந்தது. நடிகை நரியைப் பார்த்துப் பேசினாள், நன்றாகத்தான் பேசினாள், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் அழுகை. அது நடிகை இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை போலிருக்கிறது, அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அரங்கம் அடங்கிப்போனது. மகள் மெல்லச் சொன்னாள்.

"அம்மா, இது நீ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுவியே. இப்படித்தான் இருக்கும்."

படம் முடிந்தது. விளக்கு வருவதற்குள் ஒன்மோர் எழுந்துவிட்டார். "வாங்க வாங்க, கதவுகிட்ட நெரியும்" என்று அண்ணியின் வால்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். இதுவரைக்கும் ஒரு சினிமாவிலும் அவர் அவசரப்பட்டதில்லை.

"உக்காருங்க. பேரு வரட்டும்" என்றாள் கீச்சு.

"எதுக்கு, வீட்டுக்குப் போய்..."

"உக்காருங்க!"

உட்கார்ந்தார். நடிகையின் பெயர் முதலில் வந்தது, முள்ளம்பன்றி படத்தோடு, திரை அகலத்துக்கு. நரி, பூனை, குட்டிகள். மற்றும் பலர். மகள் வாய்க்குள்ளேயே ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் "ஒலிக்கலவை" என்று வந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர், தனியாக, திரைக்கு நடுவில்.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். "அப்பா பேரு!" சொன்ன வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். கீச்சுவின் கையிலிருந்த தன் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெளியே அண்ணி, "ஆமா, இவர் பேரு வந்துச்சு, உன் பேரைக் காணோமே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். "அவர் பேரு வேற, என் பேரு வேறயா அண்ணி?" என்று சொல்லிச் சமாளித்தாள் கீச்சு. விட்டுக்கொடுக்காமல் பேசிப் பழகின வாய். தன்னை விட்டுக்கொடுத்தவரைக்கூட அது விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வைத்துக் கேட்டாள். மகள் கூடத்தில்தான் இருந்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எப்போ தெரியும்?"

"நீ பேசி முடிச்ச மறு வாரமே." அவர் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தயாரிப்பாளர் முடிவு பண்ணிட்டாரு. நான் மாட்டேன்னா வேற யாராவது செஞ்சிருப்பாங்க. உன்னைச் சுத்தமாத் துடைச்சிருப்பாங்க, கீச்சு. நான் செஞ்சதாலதான் உன் மூச்சு இருக்கு. அழுகை இருக்கு. சண்டை போட்டு வெச்சேன்."

"குரலை எடுத்ததுக்கு உங்களைக் கேக்கல. அது அவங்க படம், அவங்க துட்டு. 'நரிக்குத்தானே'ன்னு கேட்டேனே. அந்த 'ம்' எதுக்கு?"

"சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ."

"அதனால அண்ணன் அண்ணி எல்லாரையும் கூட்டிட்டுப் போய், நடுவுல உக்காரவெச்சு உடைச்சீங்க."

"பேரு தனியாப் போடறேன்னாங்க..." என்று ஆரம்பித்தார். மேலே சொல்லவில்லை. அந்த அரை வாக்கியத்தைக் கேட்டதும் கீச்சுவுக்கு ஏதோ அறுந்துபோனது. அவரும் எத்தனையோ வருஷமாகப் பலரில் ஒருவர்தான், அந்த ஆசை அவளுக்கா தெரியாது? ஆசைப்பட்டதை மன்னித்துவிடலாம். தன்னோடு உட்கார்ந்து தினம் சாப்பிட்டாரே, அதை என்ன செய்வது? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்குக் குழாயைத் திறக்காமலே அழுதாள்.

படம் சக்கைப்போடு போட்டது. அடுத்த மாதமே கூலிங்கிளாஸ் போன் செய்தார். இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் தயாராகிறதாம், முள்ளம்பன்றி இன்னொரு தடவை அழ வேண்டுமாம். "அந்தம்மா எவ்வளவு முயற்சி பண்ணினாலும் தும்மற மாதிரி இருக்கு அக்கா. நீங்கதான் வந்து கொஞ்சம் அழுதுட்டுப் போகணும்." அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கீச்சு வருகிறேன் என்றாள். மகள் முறைத்தாள். "வேலைக்குத்தான் போறேன்" என்றாள் கீச்சு.

அதே அறை, அதே மைக், அதே கண்ணாடி. அந்தப் பக்கம் ஒன்மோர். இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வேறு வேறு பஸ்ஸில் வந்திருந்தார்கள். கீச்சு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் முள்ளம்பன்றி வந்து நின்றது. காகிதத்தில் "அழுகை, நீளமாக" என்று எழுதியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மூக்கால் சின்னதாக மூச்சை இழுத்தாள். திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். முள்ளம்பன்றிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

"கூடவே வந்தியேடா," என்றாள். "கூண்டு இருக்குன்னு தெரிஞ்சே என்னை முன்னால நடக்க விட்டியே."

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்மோரின் கை, பழக்கதோஷத்தில், பொத்தானுக்குப் போனது. அழுத்தினார். ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது. இழுத்த மூச்சு, பேசப்போகிறவனின் மூச்சு. கீச்சு காத்திருந்தாள். ஒன் மோர் வருமோ, மன்னிச்சுக்கோ வருமோ, ஏதோ ஒன்று வரட்டும் என்று காத்திருந்தாள். இன்னொரு மூச்சு வந்தது, அது விக்கி விக்கி வந்தது.

ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். கூலிங்கிளாஸ் ஓடிவந்தார். "என்னக்கா, அழுகை என்னாச்சு?"

"எனக்கு வரல தம்பி. உள்ள ஒருத்தர் அழுதுட்டிருக்காரு பாருங்க, நல்ல அழுகை. அதை எடுத்துக்கோங்க" என்றாள் கீச்சு. "பேரு மட்டும் போட மறந்துடாதீங்க. அவருக்கு அது முக்கியம்."